கத்தியை எடுத்துவிட்டு எழுது, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

நீ எழுதி அனுப்பிய முதல் எபிசோட் ஸ்கிரிப்டை நேற்று ராத்திரி உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நம் பக்கத்தில் உன்னைப் போல எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதல் பக்கத்திலேயே காசிமேட்டில் ஒருத்தனை வெட்டுகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் இன்னொருத்தன். அப்புறம் கானா, கேரம் போர்டு, கஞ்சா, திரும்ப வெட்டு. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நீ. எங்கிருந்தோ வந்து லாட்ஜில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறவன் எழுதுவதை நீ ஏன்டா எழுதவேண்டும்?

'வடசென்னை' பார்த்து வந்த ஆசை என்று தெரிகிறது. எனக்கும் அந்தப் படம் உயிர். ஆனால் அதில் என்னைப் பயமுறுத்தியது கத்தி இல்லை, ரோடு. கரையோரக் குடிசைகளை எடுத்துவிட்டு வரப்போகிற ரோடு. ராஜன் அதை எதிர்த்து நிற்கிறான். அவன் செத்த பிறகும் அந்தப் பேச்சு சாகவில்லை, கேரம் ஆடுகிற அன்பு காலத்தில் திரும்பி வருகிறது. 2018-க்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்து எழுதியவர்களில் பலர் கத்தியை எடுத்துக்கொண்டு ரோட்டை விட்டுவிட்டார்கள். கேரமும் அப்படித்தான். இந்த ஆட்டம் அன்பை வேறெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்குமே என்று படம் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உன் கதையில் அது ரௌடிகள் கை ஊன்றிப் பேசுகிற பலகை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். உன் ஐம்பது பக்கத்தில் ஒரு பெண்ணாவது ஸ்ட்ரைக்கரைத் தொடுகிறாளா?

நீ பிறப்பதற்கு முன்னால், 90-களின் கடைசியில், சன் டிவியில் 'மர்மதேசம்' வந்தது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. எதிர் வீட்டுத் திண்ணையில் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். அதில் 'விடாது கருப்பு' கதை ஓடும்போது குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் தெருவே கப்சிப். உன் அப்பா அப்போது மீசை முளைத்த ஆள். அந்த ராத்திரிகளில் என்னைத் துணைக்குக் கூப்பிடாமல் குழாயடிக்குப் போகமாட்டார்.

ஏன் அவ்வளவு பயந்தோம் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அதில் ரத்தம் அதிகம் கிடையாது. தப்பு செய்தால் கருப்பு வரும் என்பது அந்த ஊருக்கே தெரியும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விதி ஒன்றுதான். ஆனால் தப்பு செய்யாதவர் யார்? இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து அந்த இடத்தில்தான் நம்மைப் பிடித்தது. சாமியா மனுஷனா என்று இரண்டு கதவையும் திறந்தே வைத்திருந்தார். இயக்குநர் நாகா அதை இருட்டிலும் சத்தத்திலும் எடுத்தார். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது, திண்ணையில் கூட உட்கார்ந்து பார்த்தவர் போய்விட்டதுபோல இருந்தது எனக்கு.

சரி, 'சுழல்' வெப் சீரிஸ் உனக்கும் பிடிக்குமே. 2022-ல் வந்த அந்த முதல் சீசனில் கதையோடு கதையாக மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாசி அமாவாசைக்கு நம் பக்கத்திலும் நடப்பதுதானே! வேஷம் கட்டிய ஆள் முன்னால் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான். நீ கதறின கதறல் இன்னும் காதில் இருக்கிறது. அது உன் ஸ்கிரிப்டில் ஒரு வரி கூட இல்லை.

பேய்க்கதை, சயின்ஸ் ஃபிக்ஷன் எல்லாம் நம் ஏரியாவுக்கு ஒட்டாது என்று போன மாதம் சொன்னாய். 1963-லேயே 'கலை அரசி' படத்தில் வேற்றுகிரகத்து ஆள் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிப்போனான். எதற்கு? அவன் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, பாட்டு இல்லை. 'இன்று நேற்று நாளை'யில் இரண்டு பையன்கள் கையில் கால இயந்திரம் கிடைக்கிறது, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற ஜோசியத் தொழில் ஆரம்பிக்கிறார்கள். இந்த ஊரில் யார் கையில் கிடைத்தாலும் அதைத்தான் செய்வார்கள்! எங்கே ஒட்டவில்லை, சொல்லு?

உன் ஸ்கிரிப்டில் பதினான்காம் பக்கம் ஆறே வரி. நடுராத்திரி நெடி தாங்காமல் ஒரு அம்மா எழுந்து, துண்டை நனைத்துப் பிள்ளைகள் மூக்கில் வைத்து, தலையை எண்ணுகிறாள். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் 26, எண்ணூர் பெரியகுப்பம். கடலுக்கு அடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த ராத்திரி. உன் சின்ன அத்தை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடிவந்து அங்கிருந்து எனக்குப் போன் போட்டாள். "அக்கா, ஒண்ணும் தெர்லக்கா, கண்ணு எரியுது, மூச்சு விட முடில, எங்க ஓட்றதுன்னே புரியல" என்றாள். அதே மாதம்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து, நம் ஆட்கள் முகத்துவாரத்தில் மக்கையும் பக்கெட்டையும் வைத்து வெறுங்கையால் அள்ளினார்கள்.

கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கிடையாது, கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும். கருப்புக்காவது தப்பு செய்தவன் யார் என்ற கணக்கு உண்டு. இதற்கு அதுவும் இல்லை. இதைவிடப் பெரிய பேயை நீ எங்கே தேடப்போகிறாய்?

அந்த ஆறு வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. அந்த அம்மா எண்ணும்போது ஒரு தலை குறையட்டும், இல்லை ஒன்று கூடுதலாக இருக்கட்டும். அது உன் இஷ்டம். எனக்கு இப்போதே கை சில்லிடுகிறது. வெட்டு ஒன்று வேண்டும் என்றால் அப்புறம் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை மூன்று மணிக்கு வா. காசிமேட்டில் ஏலம் நடக்கும். போட்டுகள் வந்து நிற்பதையும், ஐஸ் உடைக்கிற சத்தத்தையும், அந்த இருட்டில் பெண்கள் கூடையோடு காத்திருப்பதையும் என் பக்கத்தில் நின்று பார். நோட்டு எடுத்துவா, போன் வேண்டாம். திரும்பும்போது சங்கரா வாங்கிக்கொள்ளலாம், உன் அப்பாவுக்குக் குழம்பு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரிய அத்தை