முதலில் ரோலுக்குக் காசு வை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, மற்றதை நேரில் பேசுவோம். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது. ஃபிலிமில் படம் எடுக்கப் போகிறாயாமே! நம் கூட்டத்தில் முதலில் குண்டுதான் இந்தப் பக்கம் வருவான் என்று நினைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய். ரொம்ப சந்தோஷம்டா.

ஆனால் நீ எழுதியிருந்த கேமராப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எல்லாமே பேருக்காக விலை ஏறியவை. கையில் இருப்பதை எல்லாம் அதில் போட்டுவிட்டால் அப்புறம் ஃபிலிம் ரோலுக்கு எங்கே போவாய்? டிஜிட்டலில் கேமராவை மாற்றினால் சென்சாரும் மாறும். இங்கே படம் பதிவது ரோலில். கேமராவின் வேலை வெளிச்சம் உள்ளே கசியாமல் காப்பதும், ஷட்டரைச் சரியான நேரத்துக்குத் திறந்து மூடுவதும்தான். பென்டாக்ஸ் கே1000 நல்ல கேமராதான். 1976-இல் வந்தது, வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி வேண்டும். ஆனால் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அதையே கேட்பதால் அதற்கும் கிராக்கி. அதன் லென்ஸ் மாட்டும் வாய்க்குக் கே மவுண்ட் என்று பெயர். அதே கே மவுண்ட்டில் ரிகோ, சினான் கம்பெனிகளும் கேமரா செய்தன. அவற்றை அவ்வளவாக யாரும் தேடுவதில்லை. அந்தக் கேமராக்களில் ஒன்றும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் போதும்.

வாங்கும் முன் பின்கதவைத் திறந்து பார். ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அதை மாற்ற வேண்டியிருக்கும். அது பெரிய வேலை இல்லை. ஷட்டரை 1 நொடியில் வைத்து அழுத்தி, திறந்து மூடுகிறதா என்று கேள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார், சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருந்தால் யோசி. மீட்டர் செத்திருந்தால் மட்டும் பயப்படாதே. விலையைக் குறைத்துக் கேட்க அதுவே நல்ல சாக்கு. மீட்டர் இல்லாமலே எடுக்கலாம்: நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16-இல் வை, ஷட்டரை ரோலின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (ரோலுக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்று சொல்லும் எண்) பக்கத்தில் வை: 100 ரோலுக்கு 1/125 நொடி, 400 ரோலுக்கு 1/500 நொடி. மேகம் மூடினால் எஃப் 8. சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வெளிச்சம் கொடு. நெகட்டிவ் அதைத் தாங்கும், குறைந்தால்தான் நிழலில் ஒன்றும் மிஞ்சாது.

ரோல் மாட்டும்போது ஒன்றை மறக்காதே. ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளுகையில் இடப்பக்கம் இருக்கும் சுற்றுக் குமிழும் சேர்ந்து சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை, 36 படமும் வெறும் காற்றுக்குத்தான்.

கலர் இப்போதைக்கு வேண்டாம். கறுப்பு வெள்ளையில் தொடங்கு, ஏனென்றால் அதை வீட்டிலேயே கழுவலாம். செலவு குறைவதே அங்கேதான். ஃபோமா, கென்ட்மியர் என்ற பிராண்டு ரோல்கள் மலிவு. கை பழகியதும் 30 மீட்டர் சுருளாக வாங்கி நீயே டப்பாவில் ஏற்றிக்கொண்டால் ஏறக்குறைய 18 ரோல் கிடைக்கும். இருட்டறையும் தேவையில்லை. கை நுழைக்கிற கறுப்புப் பை ஒன்று, ஃபிலிம் கழுவ வெளிச்சம் புகாத டேங்க் ஒன்று, தெர்மாமீட்டர் ஒன்று. எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ரோலுக்கு, படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பர் மருந்தைத் தண்ணீருடன் சரிபாதி கலந்து, 20 டிகிரியில் 11 நிமிடம். சரிபாதி கலப்பதால் பவுடரும் இரட்டிப்பாக நீளும். அப்புறம் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் மருந்து, நல்ல தண்ணீரில் அலசல், நிழலில் காயப்போடுதல். ஈரம் சொட்டச் சொட்ட, டேங்குக்குள் ஃபிலிமைச் சுற்றிவைக்கும் ரீலிலிருந்து அதை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாய் பார், வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் தலைமுடி வெளேரென்றும் ஒரு சின்ன முகம் தெரியும். அதுக்காகத்தான்டா இத்தனையும்.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. மருந்து கலக்கும் பாத்திரம் தனியாக இருக்கட்டும், அடுக்களைப் பக்கம் போகவே கூடாது. குழந்தைக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி ஒட்டி வை. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாதே, கேனில் சேர்த்து வை, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.

முதல் ரோலில் மரம், கதவு, மேகம் என்று காலி செய்துவிடாதே. உன் அத்தையை எடு. அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேச்சுக் கொடு. 400 ரோல் என்றால் எஃப் 2.8, 1/60 பெரும்பாலும் சரியாக வரும். எல்லாக் கல்யாண ஆல்பத்திலும் அவர் பின்வரிசையில் பாதி முகமாகத்தான் இருக்கிறார். எனக்கு அது ரொம்ப நாளாக உறுத்துகிறது.

என்னிடம் டேங்க் இரண்டு இருக்கிறது, ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். கூடவே வீணாய்ப்போன ரோல் ஒன்றும் வைக்கிறேன். முதலில் பார்த்துக்கொண்டே ரீலில் ஏற்று, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்று. ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டி நின்றுவிடும், நன்றாகத் துடைத்துவிடு. கேமராவுக்குப் பணம் கொடுக்கும் முன் அதன் படத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்