ஐக்கிய இராச்சியத் தமிழ்ப் பள்ளிகளுக்கு: ஸ்டோன்ஹெஞ்ச் சுற்றுலா குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பார்வையாளர் மையத்தில் பேருந்து ஏறி, ஸ்டோன்ஹெஞ்சில் வட்டமாக நிற்கும் பழங்காலப் பெருங்கற்களைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு, அதே பேருந்தில் திரும்பிவிடும் சுற்றுலாவாக இந்த ஆண்டுப் பயணம் அமைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மையத்திலிருந்து கற்கள் வரை ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர்தான். மரபிடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் புல்வெளி வழியே பிள்ளைகளை நடத்தி அழைத்துச் சென்றால், வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் வரிசையாக நிற்பதை அருகிலிருந்தே காட்டலாம்.

பார்வைக்கு அவை வெறும் புல் மேடுகள்தாம். வட்டமாக அகழி வெட்டி, அதிலிருந்து வந்த வெண்சுண்ணத்தை மேலே குவித்ததால், புதிதாக எழுந்தபோது அவை நெடுந்தொலைவுக்கு வெள்ளைவெளேரென்று தெரிந்திருக்கும் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளின் பார்வை மாறும். சில மேடுகளில் எரித்த எலும்புகளைத் தாழியிலிட்டும் புதைத்திருக்கிறார்கள்; முதுமக்கள் தாழியைப் பாடத்தில் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். (அதற்காக இரண்டுக்கும் உறவு இருப்பதாகக் கதை கட்டிவிடாதீர்கள், நம்மவர்களுக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம்.)

கற்களருகே நின்று தெற்கே பார்த்தால் நார்மன்டன் டவுன் என்னும் மேட்டுநிலத்துப் புதைமேடுகள் அடிவானத்தில் தெரியும். அவற்றுள் ஒன்றான புஷ் பேரோவை 1808இல் தொல்பொருள் ஆர்வலர் ரிச்சர்ட் கோல்ட் ஹோருக்காக வில்லியம் கன்னிங்டன் தோண்டுவித்தபோது, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் எலும்புக்கூடும், மார்பின் மேல் சாய்சதுரப் பொன் தகடும், குத்துவாள் ஒன்றும் கிடைத்தன. அந்த வாளின் மரப்பிடியில் தலைமயிர் அளவே பருமனுள்ள பொன் ஆணிகளை ஆயிரக்கணக்கில் பதித்திருந்தார்கள்; தோண்டியவர்களின் கரண்டி பட்டு அவற்றில் பெரும்பகுதி மண்ணில் சிதறிவிட்டது. எஞ்சியவற்றை டிவைசஸ் நகரிலுள்ள வில்ட்ஷயர் அருங்காட்சியகத்தில் காணலாம். நினைவுப்பொருள் கடையில் கழியும் நேரத்தை அங்கே செலவிடுவது எவ்வளவோ மேல். ஆனால் புஷ் பேரோவை நேரில் பார்க்க, வாகனங்கள் விரையும் ஏ303 நெடுஞ்சாலையைக் கடக்கும் எண்ணம் பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம்.

மேடுகளின் மேல் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மண் மெல்லியது, கால்கள் பட்டுப் பட்டுப் புல் தேய்ந்தால், அடியிலுள்ள சுண்ணத்தை மழை அரித்துவிடும். குழுப்படம் எடுப்பவர்களிடம் இதைப் பேருந்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை