கண் சொக்குவது வேறு, உடம்பு ஓய்ந்துபோவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு முழுக்கத் தூங்கியும் பகலில் சோர்ந்துகிடப்பவர்களுக்காக உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த குறிப்புகளில் பாதி சரி. நேரத்தோடு படுக்க வேண்டும், கைப்பேசியைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் எட்டு மணி நேரம் தூங்கியும் தெளியாதவரிடம் இன்னும் சீக்கிரம் படுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? இதைக்கூட விட்டுவிடலாம். கடைசி வரியில் 'தேவைப்பட்டால் லேசான தூக்க மாத்திரை' என்று இருந்ததே, அதுதான் தூக்க ஆய்வகத்தில் வேலை செய்யும் எங்களை எழுத வைத்தது.

'டயர்டா இருக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் இரண்டு தனித்தனிப் புகார்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கண் சொக்குவது. உட்கார்ந்த இடத்தில் தலை தொங்கும், கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்க இமை மூடும், வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். மற்றொன்று, உடம்பு ஓய்ந்துபோவது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், கை கால் கனக்கும், எதிலும் நாட்டம் இருக்காது. ஆனால் மதியம் படுத்தால் தூக்கம் வராது. முதல் வகையினர் தூக்கத்தின் தரத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையிலும் மனநிலையிலும் தொடங்க வேண்டும். இரண்டும் கலந்தே வருவதுண்டு. எது தூக்கலாக இருக்கிறது என்று தெரிந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி எப்வொர்த் அளவுகோல். ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும் காரில் பயணியாக இருக்கும்போது, பிற்பகலில் படுத்திருக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மது இல்லாத மதிய உணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, கார் நெரிசலில் சில நிமிடம் நிற்கும்போது என எட்டுச் சூழ்நிலைகள். தூங்கிவிடும் வாய்ப்பே இல்லையென்றால் 0, மிக அதிகம் என்றால் 3. கூட்டினால் அதிகபட்சம் 24. பத்து வரை இயல்பு, அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். பலர் அன்றைய ஒரு நாளை மட்டும் மனத்தில் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். கேட்கப்படுவது அண்மைக் காலத்து வழக்கம். பல ஆண்டுகளாகத் தூக்கக் கலக்கத்திலேயே வாழ்பவர்கள் அதையே இயல்பு என்று நினைத்து 0, 1 என்று போட்டுவிடுவதும் உண்டு. அதனால் கூட இருப்பவரையும் தனியே ஒரு தாளில் போடச் சொல்லி ஒப்பிடுங்கள்.

அடுத்து, அந்த 'முழுத் தூக்கம்' முழுத் தூக்கம்தானா? படுக்கையில் இருந்த நேரத்தைத்தான் பெரும்பாலோர் தூங்கிய நேரமாகச் சொல்கிறார்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: விளக்கணைத்த நேரம், தூக்கம் பிடிக்கச் சுமாராக எவ்வளவு ஆனது, எத்தனை முறை விழித்தீர்கள், எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, மாத்திரைகள். காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க ஆரம்பித்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவருக்குத் தூக்கம் பிடிக்க 40 நிமிடமும் நடுவில் விழித்திருந்தது 50 நிமிடமும் என்றால், 480 நிமிடத்தில் தூங்கியது 390. ஆறரை மணி நேரம்தான், 81 விழுக்காடு. 85-க்குக் கீழே போனால் தூக்கம் துண்டு துண்டாக இருக்கிறது என்று பொருள். இவர் இன்னும் சீக்கிரம் படுத்தால் விழித்துக் கிடக்கும் நேரம்தான் கூடும். எழும் நேரத்தை மாற்றாமல், படுக்கும் நேரத்தை அரை மணி தள்ளிப் பார்ப்பதே சரி.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. ஒன்பது மணி நேரம் தேவைப்படும் உடல்வாகும் உண்டு. விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி, அன்று மட்டும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் நோய் இல்லை, தூக்கப் பாக்கிதான் சேர்ந்திருக்கிறது. கைக்கடிகாரம் காட்டும் 'ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்' போன்ற கணக்கைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அது அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடந்தாலும் தூக்கம் என்றே எழுதும். தூக்கத்தின் நிலைகளைச் சரியாகப் பிரிக்க மூளை அலைப் பதிவு வேண்டும்.

கண் சொக்கும் வகையில் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூக்கத்தில் மூச்சடைப்பு. தொண்டையின் மென்பகுதியைத் திறந்து வைத்திருப்பது தசைதான், தாங்கிப் பிடிக்க அங்கே எலும்பு கிடையாது. தூங்கும்போது தசை தளர்கிறது, கனவு வரும் கட்டத்தில் மேலும் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. வழி அடைபட, இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை சில வினாடிகள் விழித்து மூச்சை மீட்டுவிட்டு மறுபடி உறங்குகிறது. காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. பத்து வினாடிக்கு மேல் நின்றால் ஒரு நிகழ்வு என்று கணக்கு. மூச்சு முழுதாக நிற்காமல் குறையும் நிகழ்வுகளையும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் எட்டு மணி நேரத்தில் 240 முறை. இத்தனை முறை எழுப்பப்பட்டவர்தான் 'நன்றாகத்தான் தூங்கினேன்' என்று சொல்கிறார்; பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

உரத்த குறட்டை, நடுவே அமைதி, பிறகு திணறலோடு ஒரு பெருமூச்சு என்ற வரிசைதான் முக்கிய அடையாளம். தனியே படுப்பவர்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு போட்டுவிட்டுப் படுக்கலாம். காலையில் வாய் வறட்சி, தலைவலி, மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவையும் சேரும். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரை என்றும் வயது என்றும் ஒதுக்கிவிடுகிறார்கள். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது இதய அறைகள் விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கின்றன; அதுவும் ஒரு காரணம். பருமனானவர்களுக்குத்தான் வரும் என்பது தவறு. தாடை சிறுத்தவர்களுக்கும் டான்சில் பெருத்தவர்களுக்கும் ஒல்லியாக இருந்தாலும் வரும். பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, பெரிய குறட்டை இல்லாமல் அசதியும் தூக்கமின்மையும் தலைவலியுமாக வெளிப்படுவதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. இந்த அடைப்புள்ள குழந்தைகள் தூங்கி வழிவதை விட, ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பார்கள், படுக்கையை நனைப்பார்கள்.

குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதைப் பிறர் பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், 35-க்கு மேல் உடல் நிறை எண், 50 கடந்த வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது. இந்த எட்டில் மூன்று பொருந்தினாலே பரிசோதனை நல்லது, ஐந்து என்றால் தள்ளிப்போட வேண்டாம். பகலில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் 98 காட்டியது என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை, விழித்திருக்கும்போது தொண்டை அடைவதில்லையே. வீட்டிலேயே செய்யும் பரிசோதனையில் மூக்குக் குழாய், மார்புப் பட்டை, விரல் உணரி ஆகியவை இருக்கும். இதில் அடிக்கடி நேரும் பிழை மூன்று. குழாய் நழுவிவிடும். நகப்பூச்சு உணரியின் ஒளியைக் கெடுக்கும். தூங்காமல் புரண்ட நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் மணிக்கணக்கு எண் குறைவாக வரும். அறிகுறிகள் வலுவாக இருந்து வீட்டுப் பரிசோதனை 'இல்லை' என்றால், ஆய்வகத்தில் ஓரிரவு படுத்து உறுதிசெய்ய வேண்டும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பரவலாகத் தரப்படும் பென்சோடையசெபைன் வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், மூச்சு நின்றதும் மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும். காப்பாற்றும் விழிப்பையே மழுங்கடிப்பது குறட்டைக்காரருக்கு உதவியா? மேலும் இந்த வகையைச் சேர்ந்த குளோனசெபாம் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். நேற்றைய மாத்திரை இன்றைய பகலில் வேலை செய்துகொண்டிருக்கும். மதுவும் தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைத்து, பின்னிரவைக் கெடுத்து, தொண்டையைத் தளர்த்தும். ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்த வேண்டாம், வலிப்புகூட வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

மூச்சடைப்புக்கு, முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவி, அதாவது சிபாப், நல்ல தீர்வு. அதைக் கைவிடுபவர்களில் பலருக்கு முகமூடிதான் சிக்கல். உட்கார்ந்து பொருத்திவிட்டுப் படுத்தால் முகத்தசை சரிந்து காற்று கசியும், படுத்த நிலையில்தான் வாரை இறுக்க வேண்டும். கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் மூக்குத் தண்டில் புண்தான் வரும். மூக்கு வறண்டால் ஈரமூட்டியைக் கூட்டுங்கள். மூச்சு முட்டுவது போல இருந்தால் பகலில் அரை மணி நேரம் படித்துக்கொண்டே மாட்டிப் பழகுங்கள். விடிகாலை மூன்று மணிக்குக் கழற்றி வைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் கூடும், மூச்சடைப்பு பலருக்கு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் அடைப்பு எண்ணிக்கை ஏறக்குறைய கால்பங்கு குறைய வாய்ப்புண்டு, ஆனால் அதுவரை கருவி வேண்டும்.

உடம்பு ஓய்ந்துபோகும் வகைக்கு முழு இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், பி12, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகிய பரிசோதனைகளில் தொடங்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு காலியாக இருக்கலாம், அதைச் சொல்வது ஃபெரிட்டின். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது பார்த்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும். படுத்ததும் காலில் இனம்புரியாத குறுகுறுப்பு, அசைத்தால்தான் அடங்கும் என்பவர்களுக்கு, ஆய்வகம் 'இயல்பு' என்று அச்சிட்டிருந்தாலும், ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் வரை இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் உறிஞ்சப்படும் விகிதம் கூடும், ஏனென்றால் ஒரு வேளை மாத்திரை போட்டதும் குடலில் இரும்பைத் தடுக்கும் ஹெப்சிடின் ஒரு நாள் வரை உயர்ந்திருக்கும். காபி, தேநீரோடு விழுங்கினால் வீண். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாமல் இருப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விஷயம் முடியாது, குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். முடிக்கென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், முடிவை அது குழப்பும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்கள் பி12 பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் எல்லாம் தூக்கக் கலக்கம் தருபவை. காபியின் காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்துவிட்டது.

அரிதானது ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பதின்ம வயதில் தொடங்கி, வகுப்பில் அடக்க முடியாமல் தூங்கி, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடிந்து சரிகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். மூளையால் தூக்கத்தையும் விழிப்பையும் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நார்கோலெப்சி என்ற நோயாக இருக்கலாம், சிகிச்சை உண்டு.

வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் போதாது. ஓரமாக நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும் வரை இருபது நிமிடம் தூங்குங்கள்.

ஆசிரியரிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. குறட்டை விடுபவர்கள் பரிசோதனை செய்யாமல் தூக்க மாத்திரை தொடங்கக் கூடாது என்ற திருத்தத்தை அதே மருத்துவப் பக்கத்தில், அந்தக் குறிப்பு வந்த அதே எழுத்தளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தூக்க ஆய்வகப் பணியாளர்கள்