மூன்று 'கே': சிலுவை யோவானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிலுவை யோவான் அவர்களுக்கு,

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவியும் கவிஞருமான உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. டொலேடோவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1577 டிசம்பர் இரவில் உங்களை ஆவிலாவிலிருந்து டொலேடோ சிறைக்குப் பிடித்துப் போனவர்கள் உங்கள் சொந்த கார்மேல் சபைத் துறவிகள். ஆவிலாவின் புனித தெரசாவோடு சேர்ந்து சபையைச் சீர்திருத்தக் கிளம்பியதுதான் குற்றம். சின்ன அறை, உயரத்தில் ஒரு பிளவு. ஜெபப் புத்தகம் படிக்க வேண்டுமென்றால் பலகைமேல் ஏறி வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். சாட்டையடி வேறு. பிறகு மாறிவந்த ஒரு காவலர் இரக்கப்பட்டுக் காகிதமும் மையும் கொடுத்தார். உங்கள் 'ஆன்மிகப் பாடல்' கவிதையின் செய்யுள்களில் பெரும்பகுதி அந்த அறையில் பிறந்தவை.

1578 ஆகஸ்டில் போர்வையைக் கிழித்து முடிந்து, சன்னல் வழியாக இறங்கித் தப்பினீர்கள். எலும்பும் தோலுமாக வந்து நின்ற உங்களுக்குத் தெரசாவின் கன்னியர் பட்டை போட்டு வேகவைத்த பேரிக்காய் கொடுத்தார்களாம். உங்கள் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சரி, சண்டைக்கு வருகிறேன். அந்தப் பாடலில் காதலனைத் தேடி அலைகிறவள் சொல்கிறாள்: எல்லோரும் உன் அழகைப் பேசுகிறார்கள், பேசப் பேசக் காயம் கூடுகிறது, அவர்கள் திக்கித் திணறிச் சொல்லும் ஏதோ ஒன்று என்னைச் சாகடிக்கிறது. 'உன் நோ சே கே கே கேதான் பல்புசியெந்தோ.' அடுத்தடுத்து மூன்று 'கே'. திக்குவதைப் பற்றிச் சொல்லும்போது வரியே திக்குகிறது! எனக்கு ஸ்பானிய மொழி அரைகுறைதான். ஆனாலும் வாய்விட்டுப் படித்தபோது நாக்கு தடுக்கி விழுந்தது.

அப்புறம் 1584இல், அன்னா தெ ஹெசூஸ் என்ற கன்னியர் தலைவி கேட்டார் என்று, இதற்கு உரை எழுதினீர்கள். காதலின் சொற்களை விளக்கிவிடலாம் என்று நினைப்பது அறியாமை என்று முன்னுரையில் நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டு, வரிவரியாக விளக்கித் தள்ளினீர்கள். அந்தத் திக்கலைக்கூட விடவில்லை. சமய நூலாக அது பெரிய நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு அந்த வரியில் என் நாக்கு தடுக்குவதே இல்லை.

உங்கள் 'இருண்ட இரவு' கவிதை எட்டுச் செய்யுள். அதற்கு நீங்கள் எழுதிய உரை மூன்றாவதைத் தொட்டதும் அப்படியே நின்றுபோகிறது. நல்லவேளை. மீதியை நான் உரையில்லாமலே படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்