கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் வடசென்னையின் மகளிர் மருத்துவப் பிரிவுகளுக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, பத்திரிகையும் கொடுத்து முடித்தாயிற்று. கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அம்மாவோ அத்தையோ பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "நாள் தள்ளிப்போக ஒரு மாத்திரை எழுதிக் குடுங்கம்மா" என்பதுதான் கேள்வி. அந்தக் கடைசி வாரத்தில் மருத்துவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. மூன்று மாதம் முன்பு வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம். அதை விவரமாகச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அந்த மாத்திரையிலிருந்தே தொடங்குகிறோம். பெரும்பாலும் எழுதித் தருவது நாரெதிஸ்டிரோன் 5 மி.கி. மாதவிலக்கு வர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பித்து, தினமும் மூன்று வேளை போட வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வந்துவிடும். லேசாக உதிரம் பட ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் இருக்காது. நலங்கு, வரவேற்பு என்ற அலைச்சலில் ஒரு வேளை விட்டுப்போனால் மணமேடையிலேயே பட்டுவிடலாம். மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்ணுக்கு "வர வேண்டிய தேதி" என்ற கணக்கே தப்பாகிவிடும். காலில் ரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் கோளாறு, கண்ணில் மின்னலடித்துப் பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டு அக்கா மிச்சம் வைத்த அட்டையை வாங்கிப் போடுவது இதனால்தான் ஆபத்து. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இந்த மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்காது. நாளும் தள்ளிப்போகும், குழந்தையும் தங்காது என்று நினைத்துக்கொண்டு போகும் பெண்கள் ஏராளம்.

இரண்டு மூன்று மாதம் கையில் இருந்தால் வேறு வழி உண்டு. அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரை இருக்கும்; 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. மாதவிலக்கு வந்த முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் ஒன்று. கல்யாண மாதத்தில் 21 முடிந்ததும் அந்த ஏழை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் நாளும் தள்ளிப்போகும், கர்ப்பத் தடுப்பும் கிடைக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் இடையிடையே லேசாகப் படுவதும் குமட்டுவதும் சகஜம். அது அடங்கத்தான் முன்கூட்டியே ஆரம்பிக்கச் சொல்கிறோம். தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாசிபைன் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். அவர்களுக்கு வேறு முறைதான் சரி.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் போனது, அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், கட்டியாக வந்ததா, வலியால் வேலைக்கோ கல்லூரிக்கோ லீவு போட வேண்டியிருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 21 முதல் 35 நாளுக்கு ஒருமுறை வந்தால் கவலை இல்லை. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே எடுத்து வாருங்கள். "வெள்ளைக் கலர், சின்னதா இருக்கும்" என்பதை வைத்து எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது. பழைய ஸ்கேன், தடுப்பூசி அட்டை, அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் தாள், எல்லாம் ஒரே பையில். மேல்சட்டை தனியாகக் கழற்றக்கூடிய சுடிதாரோ பாவாடை சட்டையோ போட்டு வந்தால் சுலபம். அந்தரங்கப் பகுதியை ஷேவ் செய்யத் தேவையில்லை. வாசனைத் திரவம் ஊற்றி உள்ளே கழுவுவதை அறவே விடுங்கள். அங்கே இருக்கும் நல்ல கிருமிகளை அது கொன்றுவிடுவதால்தான் அரிப்பும் வாடையும் கூடுகிறது.

ரத்தம், ஸ்கேன், சிறுநீர் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கச் சொன்னால் வரிசை முக்கியம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முதலில் சாப்பிடுங்கள். பிறகு நாலைந்து டம்ளர், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் அடக்கி வையுங்கள். மூத்திரப்பை நிறைந்தால்தான் குடல் விலகி, வயிற்றுக்கு மேலிருந்து கர்ப்பப்பையும் சினைப்பையும் தெளிவாகத் தெரியும். பாதி நிறைந்திருந்தால் "இன்னும் தண்ணி குடிச்சிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள், அரை நாள் போய்விடும். ஸ்கேன் முடிந்ததும் கழிவறைக்குப் போய் முதலில் வருவதை விட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடியுங்கள். மூத்திரப்பை காலியான பிறகு மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் எளிது. ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த உடனே எடுப்பது நல்லது. மாத நடுவில் எடுத்தால் இயல்பாக வளரும் கருமுட்டைப் பையை நீர்க்கட்டி என்று நினைத்துப் பயப்பட நேரும்.

நீர்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே சில வீடுகளில் கல்யாணப் பேச்சே நின்றுவிடுகிறது. ஸ்கேனில் சின்னச் சின்னதாகத் தெரிவதை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று சொல்லக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, முகத்தில் முடி போன்ற ஆண் ஹார்மோன் அடையாளம், ஸ்கேன் தோற்றம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு மாதிரி வேறு காரணம் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் குழந்தை பிறக்காது என்று அர்த்தம் கிடையாது.

உள்பரிசோதனையை நினைத்துத்தான் பெண்கள் மிகவும் பயப்படுகிறார்கள். உறவு கொள்ளாத பெண்ணுக்கு முதல் சந்திப்பில் அது வழக்கமாகத் தேவைப்படாது. உயரம், எடை, ரத்த அழுத்தம், கழுத்தில் தைராய்டு, மார்பு, வயிறு, இவ்வளவோடு முடிந்துவிடும். உள்வழி ஸ்கேனும் வேண்டாம், வயிற்று ஸ்கேன் போதும். ஏதாவது காரணத்துக்காகப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், ஏன், எப்படி என்று சொல்லி, பெண்ணின் சம்மதம் கேட்டு, பக்கத்தில் நர்ஸ் ஒருவரை வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. இதற்கு முன் உறவு இருந்ததா என்று மருத்துவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எந்தச் சோதனை, எந்த ஸ்கேன் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. சொன்னது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஆகவே அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐந்து நிமிடம் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் கருக்கலைப்பு நடந்திருந்தாலும், யாராவது தொல்லை கொடுத்திருந்தாலும் அவள் வாயே திறக்க மாட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று "பொண்ணு கன்னிதான்னு ஒரு சர்டிபிகேட்" கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கண்டுபிடிக்கும் சோதனை மருத்துவத்தில் கிடையாது. கன்னிச்சவ்வு ஒருத்திக்கு ஒரு மாதிரி இருக்கும், முதல் உறவில் பலருக்கு ரத்தமே வராது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குக்கூட, விரல்களை உள்ளே விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை செய்யக் கூடாது, செய்தால் அது தவறான நடத்தை என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மணப்பெண்ணுக்கு அதைச் செய்யச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ரத்தப் பரிசோதனையில் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதத்துக்கு ஒரு கிராம் அளவுக்கு ஏறும். 9-ல் இருப்பவர் 12-ஐத் தொட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிவிடும். நாங்கள் மூன்று மாதம் என்று அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அதே ரத்த அறிக்கையில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 80-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்தியாகவும் (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஹீமோகுளோபின் எலெக்ட்ரோஃபோரசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. வேண்டும், அதில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் கடத்திதான். இரும்புக் குறைவு கடுமையாக இருந்தால் இந்த ஏ2 இறங்கிக் காட்டி ஏமாற்றிவிடும், அப்போது இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் கடத்தி என்றால் பிள்ளைக்கு அந்தப் பெரிய நோய் வராது. இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்தில் கட்டுகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. பொதுவாக நூற்றுக்கு 2, 3 குழந்தைகளுக்கு இருக்கும் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு, அத்தை மாமன் பிள்ளைகளுக்குள் கட்டும்போது சுமார் இரு மடங்காகிறது. தாய்மாமன் உறவில் இன்னும் கூடும். இரு பக்கத்திலும் சின்ன வயதில் இறந்த குழந்தை, காது கேளாத குழந்தை, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு இருந்தால் குழந்தை தங்காது என்பது தவறு. கவனிக்க வேண்டியது பெண் நெகட்டிவ், ஆண் பாசிட்டிவ் என்ற நிலையை. அதற்கும் கர்ப்பத்தின் 28-வது வாரத்திலும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும் போடும் ஆன்டி-டி ஊசி இருக்கிறது. கல்யாணத்தை நிறுத்த அது காரணமே இல்லை.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். ஆகிய மூன்று சோதனையும் இருவருக்கும் சேர்த்துத்தான். பெண்ணை மட்டும் சோதித்து மாப்பிள்ளையை விட்டுவிட்டால் பாதி வேலை கூட ஆகவில்லை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது, முடிவை மற்றவருக்குச் சொல்லவும் கூடாது என்பது 2017-ம் ஆண்டுச் சட்டம்.

தடுப்பூசிக்கும் நாள் வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். அந்த வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதற்கான எம்.எம்.ஆர். ஊசி போட வேண்டும், போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 15 வயதுக்கு மேல் மூன்று தவணை: முதல் ஊசி, ஒன்றிரண்டு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. உறவு தொடங்கும் முன் போட்டால் பலன் அதிகம். இடையில் கர்ப்பமானால் மிச்சத்தைப் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம்.

உடனே குழந்தை வேண்டும் என்பவர்கள் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராமை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கரு உருவாகி 28 நாளுக்குள் குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, பரிசோதித்து, மாத்திரை வாங்கும்போது அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். கடையில் சட்டென்று எடுத்துத் தரும் 5 மி.கி. மாத்திரை சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போன்றோருக்கானது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் தாங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து பற்றி நரம்பியல் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். கல்யாணத்துக்குள் முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று ஐசோட்ரெட்டினோயின் என்ற முகப்பரு மாத்திரை சாப்பிடும் மணப்பெண்கள் இப்போது அதிகம். அது கருவைக் கடுமையாகச் சிதைக்கும் மருந்து. நிறுத்தி ஒரு மாதமாவது ஆகும்வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது.

முதல் உறவைப் பற்றியும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆணுறையோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ சேர்ந்தால் ரப்பர் கிழிந்துவிடும், தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மட்டுமே பயன்படுத்த வேண்டும். உறவுக்குப் பின் சிறுநீர் கழித்தால் மறுநாள் நீர்க்கடுப்பு வருவது குறையும். தசை இறுகி உறவே முடியாமல் போனால் அது சிகிச்சையில் சரியாகக்கூடியது. "அவளுக்கு விருப்பமில்லை" என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கும் ஸ்டான்லிக்கும் காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கலாம். ஆனால் கார்மெண்ட் கம்பெனியிலும் கடைகளிலும் நாள் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணுக்குக் காலை ஓ.பி. என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் மாலையிலும் சிறப்பு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எந்தக் கிழமை மகளிர் மருத்துவர் வருவார் என்பதுதான் அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரிவதில்லை. கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் எங்கும் அந்தக் கிழமையையும் நேரத்தையும் நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும், பெண்ணிடம் தனியாகப் பேச ஒரு கதவுள்ள அறை ஒதுக்கவும் மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் நலப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081