ஹூஸ்டனிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததற்குத்தான் இந்தப் பதில். "அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தவனை வெளியேற்றுவது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. அதற்குப் போய் வேலைவாய்ப்பு, அதிபரின் அதிகாரம் என்று உங்கள் ஊரில் ஏன் இத்தனை கூச்சல்?" என்று எழுதியிருந்தாய். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இருபத்தாறு ஆண்டுகள் இங்கே அமெரிக்காவில் ஒரு கட்டுமானப் பொருள் நிறுவனத்தில் சம்பளக் கணக்கு எழுதியவன் என்ற முறையில், உன் கேள்வியில் ஒருவர் விடுபட்டிருப்பது என் கண்ணில் படுகிறது. அவர் வேலை கொடுத்தவர்.

இன்றைய சண்டை முழுவதும் 1986 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்திலிருந்து கிளைத்தது. அது ஒரு பேரம். அனுமதியின்றி ஏற்கெனவே உள்ளே வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் அதன்படி சட்டபூர்வக் குடியிருப்பாளர்கள் ஆனார்கள்; அதற்கு ஈடாக, இனிமேல் அனுமதியற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளி தண்டிக்கப்படுவார் என்றது சட்டம். முதல் பாதி நிறைவேறியது. இரண்டாம் பாதி 'தெரிந்தே' என்ற ஒற்றைச் சொல்லில் சிக்கிக்கொண்டது, ஏனென்றால் தெரிந்தே வேலைக்கு வைத்தால்தான் குற்றம்.

தெரியாமல் இருப்பது எவ்வளவு எளிது என்பதை என் மேசையிலேயே பார்த்தேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 என்ற படிவத்தை நிரப்புவது என் வேலை. அவர் நீட்டும் அட்டை பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் நான் ஏற்றுக்கொள்ள வேண்டும். முகத்தையோ பேச்சையோ பார்த்துச் சந்தேகப்பட்டு இன்னொரு சான்று கேட்டால் அது பாகுபாடு என்ற குற்றமாகிவிடும். பிறகு சமூகப் பாதுகாப்புத் துறையிலிருந்து, இன்னின்னாரின் பெயரும் அவர் கொடுத்த சமூகப் பாதுகாப்பு எண்ணும் பொருந்தவில்லை என்று கடிதம் வரும். முதலாளி அதை வாங்கிப் படிப்பார், கோப்பில் போடச் சொல்வார், மறந்துவிடுவார். ஒருமுறை கிடங்கில் கம்பிக் கட்டு சரிந்து ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அவர் வைத்தியச் செலவைக் கேட்டு வந்து நின்ற அன்றுதான் அந்தக் கோப்பு வெளியே வந்தது. "உன் எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிடலாமா?" என்று மட்டும்தான் முதலாளி கேட்டார், குரலைக்கூட உயர்த்தவில்லை. மறுநாள் அந்த மனிதர் வேலைக்கு வரவில்லை. கோப்பை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான் என்பதை உன்னிடம் மறைப்பதற்கில்லை.

இது ஏதோ ஒரு சிறு நிறுவனத்தின் கதை என்று நினைக்காதே. கலிபோர்னியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், சங்கம் சேர்க்க முயன்றதற்காக வேலையிழந்த ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீக்கியது சட்டப்படி தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வேறொருவரின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தார் என்பதால் இழந்த ஊதியத்தைத் தர வேண்டியதில்லை என்று 2002-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. அதாவது, ஒரே தவறை அனுமதி உள்ளவரிடம் செய்தால் முதலாளிக்குப் பணம் போகும், அனுமதி அற்றவரிடம் செய்தால் போகாது. எது மலிவு என்று கணக்கு எழுதத் தெரிந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

வெளியிலிருந்து வருபவர்களால் கூலி குறைகிறதா என்பதில் பொருளாதார அறிஞர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. 1980-இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகேறி வந்து, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மயாமியில் தங்கியபோது, அந்நகரத்துக் கூலி ஏறக்குறைய அசையவில்லை என்று டேவிட் கார்ட் 1990-இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் சரிவு தெரிகிறது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் வாதிட்டார். மறுபக்கம், மெக்சிகோ விவசாயக் கூலிகளைத் தற்காலிகமாக வரவழைத்த பிரசேரோ திட்டத்தை 1964-இல் நிறுத்தியபோது உள்ளூர்க் கூலி உயரும் என்று சொன்னார்கள். கலிபோர்னியாவில் தக்காளி பறிக்கும் இயந்திரம்தான் வேகமாகப் பரவியது. எனக்குத் தோன்றுவது இதுதான்: பக்கத்து ஆளின் கூலியை அழுத்துவது இன்னொருவர் வந்திருப்பது அல்ல, அந்த இன்னொருவர் வாய் திறக்க முடியாமல் இருப்பது. முதலாளிக்குத் தண்டனை வேண்டும் என்று 1986-இல் கேட்ட தொழிற்சங்கக் கூட்டமைப்பே 2000-ஆம் ஆண்டில் தன் நிலையை மாற்றிக்கொண்டு, அனுமதியற்றோருக்குச் சட்டபூர்வ வாழ்வு கொடுங்கள் என்று கேட்டதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

உங்கள் திருப்பூரின் வடமாநிலத் தொழிலாளர்களை நீ ஒப்பிட்டிருந்தாய். அந்த ஒப்பீடு பொருந்தாது. பீகாரிலிருந்து வருபவர் இந்தியக் குடிமகன். நாட்டின் எந்த மூலையிலும் வாழவும் தொழில் செய்யவும் அரசியலமைப்பே அவருக்கு உரிமை தந்திருக்கிறது.

அதிபரின் அதிகாரம் எங்கே நுழைகிறது என்று கேட்பாய். அதுவும் அதே 1986 சட்டத்தில்தான் இருக்கிறது. வேலை செய்ய அனுமதியற்றவர் யார் என்று வரையறுக்கும் இடத்தில், பச்சை அட்டை என்ற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி உள்ளவரும், சட்டத்தாலோ 'அட்டர்னி ஜெனரலாலோ' (அதிபரின் கீழ் இயங்கும் தலைமைச் சட்ட அதிகாரி) வேலைக்கு அனுமதிக்கப்பட்டவரும் நீங்கலாக, என்று ஒரு வரி வருகிறது. 'தெரிந்தே' என்ற சொல் முதலாளியைக் காப்பாற்றியது போல, இந்த வரி அதிபர்களுக்கு வசதியாகிவிட்டது. 2012 ஜூனில் ஒபாமா, குழந்தைப் பருவத்தில் கொண்டுவரப்பட்டவர்களை நாடு கடத்துவதை இரண்டிரண்டு ஆண்டுகளாக ஒத்திவைத்து வேலை அனுமதியும் கொடுத்தார்; டாகா என்பது இந்தத் திட்டம்தான். 2013-இல் நாடாளுமன்ற மேலவையான செனட் 68-க்கு 32 என்று குடியேற்றம் குறித்த ஒரு முழுமையான சட்ட முன்வரைவை நிறைவேற்றியது; பிரதிநிதிகள் சபை அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு நவம்பரில், குடியுரிமை பெற்ற குழந்தைகளின் பெற்றோர் பல லட்சம் பேருக்கும் அதே சலுகையை அவர் நீட்டினார். தான் மன்னன் அல்ல என்று முன்பு சொன்னவரும் அவர்தான். எங்கள் டெக்சாஸ் தலைமையில் 26 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. கீழமை நீதிமன்றம் தடை விதித்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு என்று பிரிந்ததால் தடை நிலைத்தது. அந்தத் தடையைக் கேட்டு நான் வருந்தினேன். இன்று யோசித்தால், வருத்தத்தில் பாதி என் அவசரம் என்று படுகிறது.

ஏனென்றால், பிறகு வந்த அதிபரும் காங்கிரஸுக்காக, அதாவது இந்நாட்டு நாடாளுமன்றத்துக்காக, காத்திருக்கவில்லை. எல்லைச் சுவருக்குக் கேட்ட பணத்தைக் காங்கிரஸ் தராதபோது, 2019 பிப்ரவரியில் டிரம்ப் அவசரநிலையை அறிவித்து வேறு நிதியை அதற்குத் திருப்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் மிசிசிப்பியின் கோழி இறைச்சித் தொழிற்சாலைகளில் ஒரே நாளில் சுமார் 680 தொழிலாளர்கள் பிடிபட்டார்கள். நான்கு மேலாளர்கள் மீது வழக்குப் பதிவாக மேலும் ஓராண்டு ஆனது. 2025 ஜூனில், பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் சோதனை வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாட்களில் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். முதலாளிகள் கேட்டதால் நின்றது, வேறு யாரோ கோபப்பட்டதால் தொடர்ந்தது. தக்காளி பறிப்பவர் இந்த வாரம் வேலைக்குப் போகலாமா என்பதைச் செய்தி கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கரையில் நின்று எழுதுகிறேன் என்று எண்ணாதே. என் மருமகள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசாவில், இருக்கிறாள். மகனின் பச்சை அட்டை வரிசை இந்தியர்களுக்கு எவ்வளவு நீளம் என்பது உனக்குத் தெரியும். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்போரின் துணைவர்களில் இப்படிக் காத்திருப்பவர்கள் வேலைக்குப் போகலாம் என்று 2015-இல் விதி வந்தது. அது காங்கிரஸ் தந்ததல்ல, நிர்வாகம் போட்டது. அந்த விதிக்கு எதிராகப் பத்தாண்டு நடந்த வழக்கிலும் அலசப்பட்டது மேலே சொன்ன அதே வரிதான். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்ததால் விதி பிழைத்தது. நாங்கள் விசாவில் முறையாக வந்தவர்கள், அவர்கள் வேலி தாண்டியவர்கள் என்று எங்கள் கோயில் மண்டபத்தில் அடித்துப் பேசும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். வந்த வழி வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மருமகளின் வேலை அட்டையும் டாகா பிள்ளைகளின் அட்டையும் ஒரே வரியின்மேல் நிற்கின்றன.

அதே அக்டோபர் இறுதியில் இன்னொரு மாற்றமும் வந்தது. புதுப்பிக்க மனுக் கொடுத்துவிட்டால் பழைய அட்டையே 540 நாட்கள் வரை செல்லும் என்ற ஏற்பாட்டை நீக்கிவிட்டார்கள். புது அட்டை கைக்கு வராவிட்டால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அவளுடையது ஆகஸ்டில் முடிகிறது. 180 நாட்களுக்கு முன்னால்தான் மனுவை ஏற்பார்கள் என்பதால், மகன் நாட்காட்டியில் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். அலுவலகத்தில் அவளுக்குச் சேர வேண்டிய ஊதிய உயர்வை இந்த முறை கேட்காமல் விட்டுவிட்டாளாம். அட்டை வந்த பிறகு கேட்டுக்கொள்கிறேன் மாமா என்கிறாள்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்