படலையடி ஆராய்ச்சி

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். மழை பிடித்துவிட்டது, இரணைமடுக் குளம் நிறைந்துகொண்டு வருகிறது, கீழ்வயலில் பயிர் பச்சையாக நிற்கிறது. ரொறொன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும். வெளியில் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

பென்சன் எடுத்த விஞ்ஞான வாத்தி சும்மா இருப்பானா? மூன்று மாதமாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ஆய்வுப்பொருள்: வளர்ந்த மனிதர் ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும் விதம். போன சனிக்கிழமை மாமாவும் மாமியும் வந்தார்கள். "தேத்தண்ணி வேண்டாம்" என்று மூன்று தரம் மறுத்துவிட்டுக் குடித்தார்கள் (மூன்றாவது மறுப்பு சம்மதத்துக்குச் சமன், இதை விதியாகவே கொப்பியில் எழுதிவிட்டேன்). 6.10க்கு மாமா "சரி, அப்ப வாறம்" என்று தொடையில் தட்டினார். எழும்பவில்லை. 6.25க்கு எழும்பினார்கள். 6.31க்கு விறாந்தையில் செருப்பைத் தேடினார், செருப்பு காலில் கிடந்தது. 6.34க்கு வாசல் படலையடி. மோட்டார் சைக்கிள் வெளிக்கிட்டது 7.05க்கு. இதற்குள் "சரி" 11 தரம்.

கதிரையில் இருந்த நேரமெல்லாம் உர விலையும் யானை வேலியும்தான். உண்மையான கேள்வி படலையடியில்தான் வரும், அதுவும் சைக்கிளில் ஏறிய பிறகு, முகம் பாராமல்: "பிள்ளை கதைச்சவளோ?"

பதில் சொல்பவரையும் கவனித்தேன். "ஓம், நேற்றும் எடுத்தவள்" என்று சொல்லும்போது ஆள் முருங்கை மரத்தைப் பார்க்கிறார். நாலு வீட்டார் கேட்டார்கள், நாலு தரமும் முருங்கைதான். அம்மா ஒன்றும் சொல்லாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவா.

உன்னைக் குறை சொல்லவில்லை. உன் பட்டமளிப்புப் படத்தை மாமிக்கு இரண்டு தரம் காட்டினேன். ஆனாலும் ஓர் ஐந்து நிமிடம்கூடவா கிடைக்கவில்லை... சரி, விடு. காதுக்குத் தொப்பி வாங்கினாயா?

வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று நீ எடுத்தாய். இங்கே இரவு பதினொரு மணி, உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். "அப்பா, ஒண்டு சொல்லவேணும், அம்மாட்டச் சொல்லாதேங்கோ" என்றாய். "சனம் கூட, சிக்னல் விடுதில்லை, பிறகு எடு பிள்ளை" என்று வைத்துவிட்டேன். போனில் நாலு கோடும் இருந்தது. நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுங்கோ என்று முப்பது வருடம் பெடியளுக்குப் படிப்பித்தவன், பெற்ற பிள்ளை சொல்லப்போவதைக் கேட்கப் பயந்து கச்சான் வாங்கப் போனேன். உப்புநீரில் எரியும் விளக்கைக் கும்பிட்டுவிட்டு வந்த அம்மா "ஆர் எடுத்தது?" என்று கேட்டா. "ரோங் நம்பர்" என்றேன். அங்கே பார்க்க முருங்கையும் இல்லை.

நீ எடு. என்ன விஷயமென்றாலும் எடு. வீட்டுக்குள் சிக்னல் உண்மையாகவே இழுபறி, படலையடியில் நன்றாக விடும். ஞாயிறு இரவு எட்டரைக்கு, உனக்குக் காலை பத்து, அங்கே நிற்பேன். மழையென்றால் அந்தப் பச்சைக் குடையோடு. மாமா வந்தாலும் ஒரே "சரி"யில் அனுப்பிவிடுவேன்.

காதை மூடு.

அப்பா